கல்யாணப் புடவையை எடைக்குப் போடலாமா?

"பழைய பட்டுப் புடவை வாங்குறது!"

தெருவில் இந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். பெட்டியில் கிடக்கும் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அவர் பணம் தருவார். எதற்காக? பட்டுக்காக அல்ல. சரிகையில் உள்ள வெள்ளிக்காக!

அசல் சரிகை என்பது, பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. புடவையைக் கொளுத்தினால் பட்டு சாம்பலாகும்; வெள்ளி மிஞ்சும். அதை உருக்கி விற்பார்கள்.

வெள்ளிக்கு விலை கிடைத்துவிடும். வெந்துபோன கரைக்கு?

காஞ்சீபுரத்து நெசவாளி புடவையில் தன் பெயரைப் போடுவதில்லை. மயில்கண், உருத்திராட்சம், கோபுரம், அன்னம், யாளி - இவைதான் அவருடைய கையெழுத்து. உடலுக்கு ஒரு நிறம், இரு பக்கக் கரைக்கும் வேறு நிறம் என்றால், மூன்று நாடாக்களை ஓட்டித் தறியிலேயே கோத்து நெய்ய வேண்டும். இதற்குக் "கோர்வை" என்று பெயர். பக்கத்தில் உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். வேலை அதிகம். பழைய கோர்வைப் புடவை ஒன்று எரிந்தால், நெசவுப் பாடப் புத்தகம் ஒன்று எரிந்த மாதிரி!

ருக்மிணி தேவி செய்த காரியம்

1936-ம் ஆண்டு சென்னையில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல். நாட்டியத்தோடு அவர் நிற்கவில்லை. அங்கே தறியும் போட்டார். பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் தேடிப் பிடித்து, அவற்றைப் பார்த்துப் புதுப் புடவைகள் நெய்யச் செய்தார். "கலாக்ஷேத்திரா புடவை" என்று இன்றும் பெண்கள் கேட்டு வாங்குகிறார்களே, அது இப்படி வந்ததுதான்.

நாமும் செய்யலாம். பழைய புடவையைக் காஞ்சீபுரத்தில் டிசைன் போடுகிறவரிடம் காட்டுங்கள். கரையைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் வரைந்துவிடுவார். அதன்படி அட்டையில் துளை போட்டு, ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், பாட்டியின் கரை பேத்தியின் முகூர்த்தப் புடவைக்கு வந்துவிடும். பழைய புடவையில் கத்திரி பட வேண்டியதே இல்லை.

நைந்து போயிருந்தால்? தாராளமாக வெட்டுங்கள். நல்ல துண்டைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாம். குழந்தைக்குப் பாவாடை தைக்கலாம். கொலுப்படிக்கு விரிக்கலாம். ஆனால், கெட்டியாக உள்ள புடவையையே வெட்டித் தலையணை உறை தைக்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. எதை வெட்டினாலும், முதலில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். நூல் ஓடிய விதம் பின்பக்கத்தில்தான் தெரியும்.

பணமுடையில் விற்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகப் புடவையை எடுக்கும் தாய்க்கு யார் புத்தி சொல்வது?

அங்கேதான் காஞ்சீபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் முன்வர வேண்டும். விற்கப் போகும் புடவையை ஒரு நாள் வாங்கி வைத்து, கரையைப் படியெடுத்துக்கொண்டு, சிறு தொகையோடு திருப்பித் தரலாம். வெள்ளி வாங்குகிறவர் வீடு வீடாக வருகிறார். சங்கத்தார் வரக்கூடாதா?