தத்துவ எம்.ஏ.யும் நம் பிள்ளைகளும்

சென்ற வாரம் பாலவாக்கத்தில் நடந்த ஒரு கூட்டம் முடிந்து நாம் பஸ்ஸுக்குப் புறப்படுகிற சமயத்தில், ஒரு வாலிபர் நம்மைத் தனியே அழைத்து ஒரு சங்கதி கேட்டார். அவருடைய தகப்பனார் கடல் தொழில் செய்கிறவர். வாலிபர் பி.ஏ. தேறியிருக்கிறார். மேற்கொண்டு சேப்பாக்கத்திலுள்ள சென்னை சர்வகலாசாலையில் தத்துவ சாஸ்திரத்தில் எம்.ஏ. படிக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. வீட்டில் அத்தை, "சாமியாராகப் போகப் போகிறாயா?" என்கிறாராம். தகப்பனார், "அது சோறு போடுமா?" என்கிறாராம். இவற்றையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது, நம் இயக்கத் தோழர் ஒருவரே, "வேதாந்தக் குப்பையைக் கிளறுவதற்கு இரண்டு வருஷமா? நீயும் ஒரு சுயமரியாதைக்காரனா?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டதுதான். "ஐயா, நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"போய்ச் சேர், தம்பி" என்றோம். பஸ் வந்துவிட்டபடியால் காரணம் சொல்ல அவகாசமில்லை. அதை இங்கே எழுதுகிறோம். எம்.ஏ. என்னும் எழுத்துக்களைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் யோக்கியதை நமக்குக் கிடையாது. வாடகை வாசகசாலையில் படித்த படிப்புத்தான் நமது படிப்பு. ஆகையால் இதில் நமக்குச் சொந்த லாபம் ஒன்றும் இல்லையென்பதை முன்கூட்டியே சொல்லி விடுகிறோம்.

முதலில் தகப்பனாருக்குப் பதில். தத்துவம் சோறு போடாது என்பது எல்லோருக்கும் பொருந்திய விதியல்ல. திருத்தணிப் பக்கத்துப் பிள்ளை ஒருவர், ஏழைக் குடும்பம், சம்பளச் சலுகையில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். எந்தப் பாடம் எடுப்பது என்று தெரியாமலிருந்த காலத்தில், பரீட்சை முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்று அந்தப் பாடத்தையே எடுத்துக்கொண்டார். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று சொன்னவர்களுக்கு மறுப்பாக அவர் எம்.ஏ.க்கு எழுதிய கட்டுரை 1908-ல் புத்தகமாகவே வந்தது. 1909-ல் பிரசிடென்ஸி கல்லூரியில் உத்தியோகம், 1918-ல் மைசூர், 1921-ல் கல்கத்தா, 1936-ல் ஆக்ஸ்போர்டு, 1962-ல் இந்தியாவின் ஜனாதிபதி. அவர்தான் டாக்டர் இராதாகிருஷ்ணன். எல்லோரும் ஜனாதிபதியாகி விடலாம் என்று நாம் பொய் சொல்ல வரவில்லை. அவருக்கு மயிலாப்பூர் இருந்தது. பாலவாக்கத்துப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதிப் பரீட்சையில் தத்துவம் ஒரு பாடம், ஐ.ஏ.எஸ். பரீட்சையிலும் அதை விருப்பப் பாடமாக எடுக்கலாம். அந்தத் தகப்பனாருக்கு இது போதும் என்று நினைக்கிறோம்.

இனி நம் தோழரின் ஆக்ஷேபணைக்கு வருவோம். இதுதான் பெரிய சங்கதி. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் இன்று நிலத்தகராறு இல்லாத ஊர் இல்லை. வழக்குக்குப் போகிறவன் எதிராளியின் மூலப்பத்திரத்தை, 'அது பொய்ப் பத்திரம், நான் ஏன் வாசிக்க வேண்டும்?' என்று தள்ளிவிட்டுக் கோர்ட்டுக்குப் போவானா? வரிக்கு வரி படித்து, எந்த இடத்தில் எல்லை தப்பு, எந்த இடத்தில் கையெழுத்து மோசம் என்று கண்டுபிடித்து அல்லவா போவான்? நம்மை நாலாம் ஜாதி, ஐந்தாம் ஜாதி என்று ஆக்கியதற்கு மூலப்பத்திரம் எங்கே இருக்கிறது? மேடையில் நாம் மனுவைத்தான் சொல்லுகிறோம். மனுவைவிடப் பெரிய இடத்தில், ஞானத்தின் உச்சி என்று உலகமெல்லாம் புகழ்கிற நூலிலேயே அந்தப் பத்திரம் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிரம்ம சூத்திரம் என்று ஒரு நூல். வேதாந்தம் படிக்கிறவன் அதை விட்டுத் தப்ப முடியாது. அதன் முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் 34 முதல் 38 வரையுள்ள சூத்திரங்களுக்கு அபசூத்ராதிகரணம் என்று பெயர். சூத்திரனுக்குப் பிரம்ம வித்தையில் அதிகாரம் உண்டா, இல்லையா என்பதுதான் அங்கே விசாரணை. கேள்வி எப்படி வந்தது என்றால், சாந்தோக்கிய உபநிஷத்தில் ஜானசுருதி என்று ஓர் அரசன் வருகிறான். வண்டிக்கடியில் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்த ரைக்குவர் என்கிற ஞானியிடம் அறுநூறு பசுவும் மாலையும் தேரும் கொண்டுபோய் ஞானம் கேட்கிறான். அவர் அவனை 'சூத்திரனே' என்று கூப்பிட்டு, எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொள் என்று திருப்பி அனுப்புகிறார். அவன் மறுபடி ஆயிரம் பசுவோடு தன் மகளையும் கொண்டுவந்து கொடுக்கிறான். அப்புறம் உபதேசம் நடக்கிறது. சூத்திரனுக்கு உபதேசம் நடந்துவிட்டதே! சனாதனம் என்ன ஆவது? பாஷ்யக்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள்: 'சூத்திரன்' என்பது இங்கே ஜாதிப் பெயரல்லவாம், சோகத்தால் ஓடிவந்தவன் என்று அர்த்தமாம்! பெண்ணையே பசுவோடு சேர்த்துக் கொடுத்தானே, அதைப் பற்றி ஒருவருக்கும் சோகம் வரவில்லை. சொல்லில்தான் சோகம் வந்தது.

இதோடு நிற்கவில்லை. எல்லாம் ஒன்றே, இரண்டில்லை என்று சொன்ன அத்வைதி சங்கரர், 38-ஆம் சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதுகையில், வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றுவது, உச்சரித்தால் நாக்கை அறுப்பது, மனத்தில் தரித்தால் உடலைப் பிளப்பது என்னும் தர்மசாஸ்திர விதிகளைப் பிரமாணமாக எடுத்துக் காட்டுகிறார். அப்படியானால் விதுரன் ஞானியானது எப்படி என்று கேட்டால், அது முன்ஜென்மத்துச் சம்ஸ்காரம் என்று பதில். இதிகாச புராணங்களை வேண்டுமானால் சூத்திரன் கேட்டுக்கொள்ளலாமாம். அத்வைதத்தை அங்கம் அங்கமாக மறுத்த இராமானுஜரும் இந்த இடத்தில் மட்டும் சங்கரரோடு ஒத்துப்போகிறார். பிரம்மம் ஒன்றா இரண்டா என்பதில் சண்டை. நமக்கு இடமில்லை என்பதில் சண்டை இல்லை.

இன்னொரு வேடிக்கை. இந்தச் சூத்திரங்களை எழுதிய பாதராயணர்தான் வியாசர் என்பது அவர்களுடைய சம்பிரதாயம். வியாசருக்குத் தாயார் யார்? செம்படவர் தலைவன் வளர்த்து, ஓடம் தள்ளிய சத்தியவதி. அவள் பிள்ளை எழுதியதாகச் சொல்லப்படும் நூலைப் பாலவாக்கத்துச் செம்படவர் பிள்ளை காதால் கேட்கக்கூடாது! இப்பொழுது அந்தப் பிள்ளை அதே நூலை நூலகத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் படித்து, அதைப் பற்றி வினாத்தாளுக்கு விடையெழுதி, மார்க்கும் வாங்கப் போகிறது. இதைக் குப்பை கிளறுவது என்று நம் தோழர் சொல்லலாமா?

வேதாந்தம் மட்டுந்தான் தத்துவம் என்று நினைப்பதும் தவறு. கடவுளும் ஆத்மாவும் மறுபிறப்பும் இல்லை என்று சொன்ன உலகாயதர் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தார்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையில் பூதவாதி வருகிறான். நீலகேசியில் பூதவாதத்துக்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது. சிவஞான சித்தியார் பரபக்கம் உலகாயதனை மறுத்துத்தான் ஆரம்பமாகிறது. எல்லோரும் அடிக்க வருகிறார்கள். அடிபட்டவன் நூல் மட்டும் முழுசாக நமக்குக் கிடைக்கவில்லை. எதிரிகள் சொன்னதை வைத்துக்கொண்டுதான் அவன் என்ன சொன்னான் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்தவர் யார்? கல்கத்தாவில் தத்துவத்தில் எம்.ஏ. படித்த தேவிபிரசாத் சட்டோபாத்தியாயர். 1959-ல் வந்த அவருடைய 'லோகாயதா' என்னும் நூலைப் படித்தவர்கள் அந்தப் படிப்பின் பிரயோஜனம் இன்னதென்று அறிவார்கள். டாக்டர் அம்பேத்கர் பொருளாதாரம் படிக்கப் போன கொலம்பியாவில் 1913 முதல் 1916 வரையில் இருந்த காலத்தில் ஜான் டூயி என்னும் தத்துவாசிரியரிடமும் பாடம் கேட்டார்; 1936-ல் ஜாதியொழிப்பைப் பற்றி அவர் அச்சிட்ட பேருரையில் அந்த ஆசிரியரைப் பேர் சொல்லியே எடுத்தாளுகிறார்.

நிற்க. ஓர் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாலவாக்கத்திலிருந்து சேப்பாக்கத்துக்குப் போகிற வழியைக் கவனியுங்கள். திருவான்மியூரில் மருந்தீசுவரர்; அடையாற்றில் 1882 முதல் பிரம்மஞான சபை; மயிலாப்பூரில் கபாலீசுவரரும் இராமகிருஷ்ண மடமும்; கடற்கரையில் 1897-ல் விவேகானந்தர் தங்கிப் பேசிய ஐஸ் ஹவுஸ். பஸ்ஸைவிட்டு இறங்கினால், 1927-ல் ஏற்பட்ட தத்துவத் துறை இன்று இராதாகிருஷ்ணன் பெயரில் நடக்கிறது. இவ்வளவையும் தாண்டி இரண்டு வருஷம் போய்வருகிறவனுக்கு, பெரிய வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு, நம் வீட்டுப் பேச்சே கொச்சையாகத் தோன்ற ஆரம்பிக்கும். 'மாயை என்றால் பொய் என்று அர்த்தமல்ல, அதற்கு ஆழமான பொருள் உண்டு' என்று அவனே அத்தைக்கு வியாக்கியானம் செய்ய ஆரம்பித்தால் அத்தை பயந்தபடி அவன் சாமியாராகவே ஆகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். நம்மவர்களில் அப்படிப் போனவர்களை நாமே பார்த்திருக்கிறோம்.

அதற்குப் பயந்து வாசலிலேயே நிற்கலாமா? பிருகதாரண்யகத்தில் கார்க்கி என்னும் பெண், இது எதன்மேல் நிற்கிறது, அது எதன்மேல் நிற்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனபோது, யாக்ஞவல்கியர், இதற்குமேல் கேட்டால் உன் தலை விழுந்துவிடும் என்று அடக்கினார். இன்றைக்குச் சேப்பாக்கத்து வகுப்பில் யார் தலையும் விழாது. ஆகவே அந்த வாலிபர் கார்க்கி நிறுத்திய இடத்திலிருந்து கேட்கட்டும். சைவ சித்தாந்தமானாலும் கேட்கட்டும். கிறிஸ்தவ, இஸ்லாமியத் தத்துவமானாலும் கேட்கட்டும். கடவுளைப் பற்றியும் கலியாணத்தைப் பற்றியும் எழுதியதற்காக 1940-ல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் ஆசிரியர் பதவியை நியூயார்க்கில் கோர்ட்டே ரத்து செய்ததும் அந்தப் பாடத்தின் சரித்திரத்தில் சேர்ந்ததுதான்.

நம் தோழருக்கு ஒரு வார்த்தை. அந்த வாலிபரை நாலு பேர் முன்னால் கேட்டதை, அதே நாலு பேர் முன்னால் வாபஸ் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். முடியுமானால் பஸ் பாஸுக்கும் ஏதாவது உதவட்டும்.

வாலிபருக்கு நாம் சொல்வது இதுதான்: சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த ஐந்து சூத்திரங்களையும் அவற்றுக்குச் சங்கரரும் இராமானுஜரும் எழுதிய பாஷ்யத்தையும், கூட்டாமல் குறைக்காமல், தம் தகப்பனாருக்கு விளங்கும்படியான தமிழில் எழுதி நமக்கு அனுப்பி வைக்கட்டும். இரண்டு பக்கம் காலியாக வைத்திருக்கிறோம்.