உடல்நலம் பேணுவோம்: குளிர் மறைக்கும் நோய்



மேகமலைத் தேயிலைத் தோட்டங்களில் எல்லோருமே கம்பளி போர்த்துகிறார்கள். ஆகவே, குடும்பத் தலைவி ஒருத்தி "எனக்குக் குளிர் தாங்கவில்லை" என்றால் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மலைப்பாதை இறங்கிச் சின்னமனூருக்கு வந்து, அங்கே வெயில் காலத்திலும் அவள் போர்வை தேடும்போதுதான் வீட்டாருக்கு ஐயம் பிறக்கிறது. அதற்குள் முகம் ஊதி, குரல் கரகரத்து, சிறு மேடு ஏறினாலும் மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கும். இத்தகைய சோர்வைச் சோம்பல் என்றோ முதுமை என்றோ எண்ணிவிடலாகாது.

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பியே உடலின் வேகத்தை நிர்ணயிக்கிறது. அதன் சுரப்பு குறைந்தால் இருதயமும் தளர்கிறது. நாடித் துடிப்பு மெதுவாகும். இரத்தக் குழாய்கள் இறுகி இரத்த அழுத்தம் உயரக்கூடும். இரத்தத்தில் கெட்ட கொழுப்பு மிகும். நாளடைவில் இருதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு.

எனினும், காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரிதும் குணமாகும் இருதயக் கோளாறு இது. பெருத்துத் தளர்ந்த இருதயம், தைராய்டு சத்தை உட்கொண்டபின் சுருங்கி நலம் பெற்றதை 1918-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் ஸோன்டெக் எழுதினார். அச்சத்தாகிய தைராக்ஸினை அமெரிக்க அறிஞர் எட்வர்ட் கெண்டல் தனியே பிரித்தெடுத்தது 1914-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று. இன்று அது சிறு மாத்திரையாகக் குறைந்த விலையில் கிடைக்கிறது.

சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடந்து, 2013-இல் வெளியான ஆய்வில், வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இக்குறை காணப்பட்டது. பெண்களிடம் இது அதிகம். டி.எஸ்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். நம் பகுதியினர் தேனியை அடுத்த க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆலோசனை பெறலாம்.

மாத்திரை உண்போர் கவனிக்க வேண்டியவை சில. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்குக. தேநீர் அருந்த அரைமணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுத்திருங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி உண்ணுங்கள். முதியோருக்கும் இருதய நோயாளருக்கும் மருத்துவர் மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகவே கூட்டுவார்; அவசரப்பட்டு அளவைக் கூட்டினால் நெஞ்சுவலி வரக்கூடும். உடல் தேறியது என்று தாமாகவே நிறுத்துவதும், பிறர் மாத்திரையை வாங்கி உண்பதும் ஆபத்து.

வீட்டில் எல்லோருடைய நோயையும் கவனிப்பவள் தன் நோயைச் சொல்வதில்லை. அவளுக்குக் குளிர்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று இன்றே கேளுங்கள்.