கண்மலர் சாத்தினால் விழித்திரை பிழைக்குமா?

கண்ணில் வியாதி வந்தால் கோவிலுக்கு வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துகிற வழக்கம் நமது நாட்டில் இன்னமும் ஒழிந்தபாடில்லை. விரிஞ்சிபுரம், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்தில் டேனரிகளில் உழைக்கும் ஏழை மக்கள், கண் சிவந்தால் சுண்ணாம்புக் காரம் என்றும், மெட்ராஸ் ஐ என்றும், திருஷ்டி என்றும் சொல்லிக் கொண்டு, மருந்துக் கடையில் கொடுத்த சொட்டு மருந்தை விட்டு, மஞ்சள் துணியில் ஒரு காசையும் முடிந்து வைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். சில நாளில் சிவப்பு மாறுகிறது. உடனே “பார்த்தீர்களா சாமியின் மகிமையை!” என்கிறார்கள். இந்த மகிமையின் யோக்கியதையைச் சற்று ஆராய வேண்டுமென்றே இதை எழுதுகிறோம்.

கண் சிவப்பெல்லாம் ஒரே வியாதியல்ல. மெட்ராஸ் ஐ கண்ணின் மேற்படலத்தில் வருவது. உறுத்தும், பீளை தள்ளும், பெரும்பாலும் தானே போய்விடும். யுவைடிஸ் என்பதோ விழியின் நடு உறையில் உண்டாகும் அழற்சி. இதில் பீளை இராது. வெளிச்சம் பட்டால் வலிக்கும், பார்வை மங்கும், கண் முன் பூச்சி பறப்பது போல் தோன்றும். இது ஏறும், தணியும், மறுபடியும் வரும். தணிகிற சமயத்தில் வேண்டிக் கொண்டவனுக்கு அது சாமி செயலாகப் படுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

ஆனால் விஷயம் இதோடு முடிவதில்லை. அழற்சி விழியின் பின்புறம் போனால் அங்கிருப்பது விழித்திரை. நாம் பார்ப்பதையெல்லாம் வாங்கி மூளைக்கு அனுப்புவது அந்த மெல்லிய ஜவ்வுதான். அதற்கு வலி தெரியாது. அதன் நடுப்பாகத்தில் நீர் கோத்து வீங்குகிறது. யுவைடிஸ்காரர்கள் பார்வை இழப்பதற்கு முக்கிய காரணம் இதுவே. சிலருக்கு இரத்தக் குழாய்கள் அடைபட்டு, புதிதாய் முளைக்கும் பலவீனமான குழாய்கள் உடைந்து விழிக்குள் இரத்தம் கொட்டும். தழும்பு இழுத்துத் திரையே பிய்ந்து போவதும் உண்டு. வெளியே கண் வெள்ளை வெளேரென்றிருக்கும். உள்ளே பார்வை போய்க் கொண்டிருக்கும். இதைத்தானே சாமி குணமாக்கினதாகக் கொண்டாடுகிறீர்கள்?

இது யாருடைய சாபம்? சிலருக்குக் காசக் கிருமியால் வருகிறது. சிலருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவதால் வருகிறது. பலருக்குக் காரணம் அகப்படுவதில்லை. அகப்படாத காரணத்துக்கெல்லாம் கடவுள் என்று பெயர் வைத்துவிட்டால் தேடுகிற வேலையே இல்லை. தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு மதுரையே சாட்சி. 1993 கடைசியில் அங்கு வெள்ளம் வந்தது. அடுத்த சில மாதங்களில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு யுவைடிஸ் நோயாளிகள் வழக்கத்துக்கு மீறி வந்தார்கள். டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் முதலியோர் சோதித்து, எலி, மாடு முதலியவற்றின் மூத்திரத்தால் தண்ணீரில் கலக்கும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமியே காரணமென்று கண்டு 1997இல் வெளியிட்டார்கள். பலருக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்களைச் சுற்றியே அழற்சி இருந்தது.

விரிஞ்சிபுரத்துச் சிம்ம குளத்தில் கார்த்திகைக் கடை ஞாயிறன்று பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் கூட்டம் கூட்டமாய் முழுகுகிறார்கள். அந்தக் குளத்தில் கிருமி உண்டென்று நாம் சொல்ல வரவில்லை. தீர்த்தம் என்று பெயர் வைத்ததற்காக எந்தக் கிருமியும் ஒதுங்கிப் போகாது என்றே சொல்லுகிறோம்.

பெரிய புராணக்காரரே, கண்ணிழந்த சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் கிடைத்ததாய்ச் சொல்லுகிறார். “தம்பிரான் தோழர்” என்று பேரெடுத்தவருக்கே பார்வை இரண்டு தவணையில் என்றால், டேனரிக் கூலிக்காரனுக்கு எத்தனை தவணை? எந்த ஊரில்?

ஆகவே தோழர்களே! வெளிச்சம் கூசினாலும், பார்வை மங்கினாலும், பூச்சி பறந்தாலும் உடனே கண் டாக்டரிடம் போங்கள். பாப்பாவை விரிய வைக்கும் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு போனதும் மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். கடைக்காரர் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து மேற்பார்வையில்லாமல் போட்டால் கண் அழுத்தத்தையும் புரையையும் கொண்டு வரும். பின்புற அழற்சிக்கோ அது போதவும் போதாது. வேலூரில் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. போய்வர ஒரு நாள் கூலி கெடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. அந்தக் கூலியைப் பிடிக்கக் கூடாதென்று முதலாளிகளிடம் கேட்பது தொழிற்சங்கங்களின் கடமையாகும்.

விரிஞ்சிபுரத்துச் சாமிக்கு வழித்துணை நாதர் என்று பெயர். கண்ணிருக்கிறவனுக்கு வழித்துணை அவனது கண்ணே. அதைக் கல்லிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு கோலூன்றி வழி கேட்பதில் என்ன பயன்?