மாந்தோப்பும் மனைப்பிரிவும்: விதியின் சுமை யார் மீது?

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லைக்கு அருகே உள்ள மண்டலம் கங்காதர நெல்லூர். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் பகுதி இது. சித்தூர் நகரைக் கடந்து வரும் நீவா நதி, தமிழகத்துக்குள் பொன்னையாறு என்ற பெயருடன் நுழைந்து பாலாற்றில் கலக்கிறது. ஆறு மண்டலங்களைக் கொண்ட கங்காதர நெல்லூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. இப்பகுதியின் வாழ்வாதாரத்தில் மாந்தோப்புகளுக்கு முக்கிய இடம் உண்டு. பழக்கூழ் ஆலைகளை நம்பித் தோத்தாபுரி மாமரங்களை வளர்க்கும் விவசாயிகளும், அத்தோப்புகளில் கவாத்தும் அறுவடையும் செய்து பிழைக்கும் விவசாயத் தொழிலாளர்களும் மாவட்டம் முழுவதும் பரவியுள்ளனர்.

மறுபுறம் சித்தூர், திருப்பதி நகரங்களைச் சுற்றி, ‘வெஞ்சர்’ என்று விளம்பரப்படுத்தப்படும் மனைப்பிரிவுகள் பெருகி வருகின்றன. தோப்பு மனையாகும்போது முதலில் வீழ்வது மரம். இதைக் கேள்வி கேட்டால், ‘மரம் வேண்டுமா, மக்களுக்கு வீடு வேண்டுமா?’ என்ற எதிர்க்கேள்வி உடனே வருகிறது. இந்த எதிர்க்கேள்வி ரியல் எஸ்டேட் முதலாளிகளுக்கு மிகவும் வசதியானது. நிலத்தின் பயன்பாடு மாறும்போது லாபம் யாருக்கு, இழப்பு யாருக்கு, அதைத் தீர்மானிக்கும் விதி எந்தக் கட்டத்தில் செயல்படுகிறது என்பதே உழைக்கும் மக்கள் எழுப்ப வேண்டிய கேள்வி.

தாமதமாக விழிக்கும் சட்டம்

ஆந்திரத்தில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ‘வால்டா’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நீர், நிலம், மரங்கள் சட்டம் 2002-இல் நிறைவேற்றப்பட்டது. நிலத்தடி நீரையும் மரப்பரப்பையும் ஒரே சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்த அச்சட்டத்தின் நோக்கம் வரவேற்கத்தக்கதே. விலக்கு அளிக்கப்பட்ட இனங்கள் நீங்கலாக, அனுமதியின்றி மரம் வெட்டுவதை அது தடுக்கிறது. மனைப்பிரிவுக்கான விதிகளோ தனியே இயங்குகின்றன. மொத்தப் பரப்பில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் பொதுவான நிபந்தனை. தமிழகத்திலும் பெரிய மனைப்பிரிவுகளுக்கு இதே 10 சதவீத ஒதுக்கீடு உண்டு.

சிக்கல் இவ்விரண்டு விதிகளுக்கும் நடுவில் இருக்கிறது. மனைப்பிரிவு வரைபடம் தயாராகும்போது சாலை எங்கே, மனை எங்கே, பூங்கா எங்கே என்று முடிவாகிவிடுகிறது. நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் மரங்கள் எவை என்பது அந்த முடிவைக் கட்டுப்படுத்துவதில்லை. விற்க முடியாத கோணல் மூலையைப் பூங்காவாகக் காட்டிவிட்டு, நாற்பது ஆண்டு மரங்கள் நிற்கும் இடத்தை மனைகளாகப் பிரித்தாலும் 10 சதவீதக் கணக்கு சரியாகவே இருக்கும். அதன் பிறகு மரம் வெட்ட அனுமதி கேட்பது வெறும் சடங்கு.

திட்டம் முடிவான பிறகு மரத்தின் மதிப்பைப் பேசுவது எவ்வளவு பயனற்றது என்பதற்கு மேற்கு வங்கத்தின் ஜெஸ்ஸோர் சாலை சாட்சி. ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டும் திட்டத்தை எதிர்த்து வழக்கு நடந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரம் ஓராண்டில் தரும் பயனை 74,500 ரூபாய் என 2021-இல் மதிப்பிட்டது. நாடே அந்த எண்ணை வியந்து பேசியது. ஆயினும் 2023-இல் மரங்களை வெட்டுவதற்கு அனுமதி கிடைத்தது. மேம்பாலங்களின் இடம் தீர்மானிக்கப்பட்ட அன்றே அந்த மரங்களின் விதியும் ஏறத்தாழ தீர்மானமாகிவிட்டது.

ஹைதராபாத்தின் காஞ்சா கச்சிபௌலியில் 2025 மார்ச் இறுதியில் நடந்ததும் இதே பாடத்தைச் சொல்கிறது. மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 400 ஏக்கர் நிலத்தைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்காக விற்க முனைந்த தெலங்கானா அரசு, மண் வாரி இயந்திரங்களை இறக்கி மரங்களைச் சாய்த்தது. மாணவர்கள் தடியடியையும் கைதுகளையும் எதிர்கொண்டு போராடினர். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணிகளை நிறுத்தியது. பிரிவினைக்குப் பின் தெலங்கானாவிலும் நடைமுறையில் இருப்பது அதே வால்டா சட்டம்தான். அதில் விலக்கு அளிக்கப்பட்ட இனங்கள் என்ற பிரிவே அரசின் வாதமானது. மரங்களைத் தனித்தனியே இனம் பிரித்துப் பார்க்கும் சட்டம், அவை சேர்ந்து உருவாக்கிய நிழலையும் நீரையும் உயிர்களையும் காணத் தவறிவிட்டது.

விவசாயி ஏன் விற்கிறார்?

மரம் வெட்டும் விவசாயியைக் குற்றவாளியாகப் பார்ப்பது நகர்ப்புற நடுத்தர வர்க்கச் சூழலியலின் பழைய நோய். சித்தூரில் 2025 மாம்பழப் பருவத்தில் தோத்தாபுரியின் விலை சரிந்தது. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும் என அரசு அறிவித்தது. அதில் ஆலைகள் தர வேண்டியது 8 ரூபாய். அரசின் மானியம் 4 ரூபாய். ஆலைகள் அந்த 8 ரூபாயைக்கூடத் தரவில்லை என்று விவசாயிகள் வீதிக்கு வந்து போராட நேர்ந்தது. ஒரு பருவத்தின் உழைப்பு பறிப்புக்கூலிக்கும் வண்டி வாடகைக்கும் போதவில்லை என்றால், தோப்பின் வாசலில் காத்திருக்கும் தரகரின் முன்பணமே விவசாயிக்கு மிஞ்சும் வழியாகிவிடுகிறது.

ஆகவே மரப் பாதுகாப்பின் முதல் விதி விலைப் பாதுகாப்பு. கட்டுபடியான விலை கிடைக்கும் தோப்பு எளிதில் மனையாவதில்லை. விலையை ஆலை முதலாளிகளிடம் விட்டுவிட்டு, வெட்டியதற்கான அபராதத்தை மட்டும் விவசாயியிடம் வசூலிப்பது அநீதி. காய்ப்பு நின்ற மரத்தை அகற்றி மறுநடவு செய்யும் சிறு விவசாயியையும், ஐம்பது ஏக்கர் தோப்பை ஒரே வாரத்தில் துடைத்தெறியும் மனை வணிகரையும் ஒரே படிவத்தில் நிறுத்தும் சட்டம் சமத்துவச் சட்டம் ஆகாது.

இரண்டு தராசுகள்

மரமும் சட்டமும் வர்க்கமும் சந்திக்கும் இடம் மார்க்சியர்களுக்குப் புதிதன்று. காட்டில் உதிர்ந்த சுள்ளிகளைப் பொறுக்கிய ஏழைகளைத் திருடர்களாக்கிய ரைன் மாகாணச் சட்ட விவாதத்தைப் பற்றி இளம் மார்க்ஸ் 1842-இல் எழுதினார். பொருளாதாரக் கேள்விகளை நோக்கி அவரைத் திருப்பியவற்றில் அந்த விவாதமும் ஒன்று.

அந்த ரைன் நதிக்கரை சேஷாசலத்துக்கு வெகுதொலைவில் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று, அப்போதைய சித்தூர் மாவட்டத்தின் சேஷாசலம் காட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்டியவர்களுடன் நடந்த மோதல் என்றது அரசு. அக்கூற்றை மனித உரிமை அமைப்புகளும் இடதுசாரிகளும் ஏற்கவில்லை. செம்மரக் கடத்தல் தடுக்கப்பட வேண்டியது என்பதில் ஐயமில்லை. கடத்தலின் பெருமுதலைகள் தப்பித்திருக்க, கூலிக்குக் கோடரி பிடித்தவர்கள் பிணங்களாக ஊர் திரும்பினர் என்பதை மறக்க முடியாது.

மனை வணிகரின் விதிமீறலுக்கோ கட்டணம் மட்டுமே தண்டனை. அனுமதியற்ற மனைப்பிரிவுகளை முறைப்படுத்தும் திட்டங்களை ஆந்திர அரசுகள் மீண்டும் மீண்டும் அறிவித்துள்ளன. பூங்காவுக்கு இடம் விடாத மனைப்பிரிவு, விடாத இடத்துக்கு ஈடாகப் பணம் கட்டினால் முறையானதாகிவிடுகிறது. பணத்தால் நிழல் வராது. அந்தக் கட்டணமும் பெரும்பாலும் மனை வாங்கிய எளிய குடும்பத்தின் தலையிலேயே விழுகிறது; பிரித்து விற்றவர் லாபத்துடன் அடுத்த ஊருக்குச் சென்றுவிடுகிறார். தமிழகத்திலும் இதே கதைதான். 2016-இல் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், மறு ஆண்டே முறைப்படுத்தும் திட்டம் வந்தது.

எண்ணத் தெரிந்த அரசு

மரங்களைக் கணக்கெடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று சொல்வோருக்கு, 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமே பதில். பொதுத் தேவைக்காக நிலம் எடுக்கும்போது, அதிலுள்ள மரங்களையும் செடிகளையும் வேளாண்மை, வனவியல், தோட்டக்கலை அறிந்தோரைக் கொண்டு மதிப்பிட அச்சட்டம் வழி செய்கிறது. நில உடைமையாளரோடு, அந்நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகள் வாழ்ந்த குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக அது ஏற்கிறது. சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலை போன்ற திட்டங்களில் மரக் கணக்கெடுப்பு இழப்பீட்டின் ஒரு பகுதி.

அதே தோப்பைத் தனியார் ஒருவர் வாங்கி மனைகளாகப் பிரித்தால் மரத்துக்கும் கணக்கில்லை. பறிப்புவேலை இழந்த தலித் பெண் தொழிலாளிக்கும் கணக்கில்லை. பொதுச் சாலைக்கு எண்ணத் தெரிந்த அரசு, தனியார் மனைக்கு எண்ண மறப்பது தற்செயல் அன்று.

வேளாண் நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வருவாய்த்துறை அனுமதி கோரிய 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆந்திர அரசு 2025-இல் ரத்து செய்துவிட்டது. ‘எளிதாகத் தொழில் செய்தல்’ என்ற பெயரில் ஒரு வாயில் அகற்றப்பட்டுள்ளது. எஞ்சியிருப்பது மனைப்பிரிவு அனுமதி என்ற ஒரே வாயில். மரங்களைப் பற்றிய கேள்வி அங்கே கேட்கப்படாவிட்டால் வேறெங்கும் கேட்கப்படாது.

பிரிட்டன் தரும் பாடம்

முதலாளித்துவ நாடு ஒன்றிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அட்லியின் தொழிற்கட்சி அரசு 1947-இல் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தை இயற்றியது. நிலம் உடைமையாளரிடமே இருந்தது. அதன் பயன்பாட்டை மாற்றிக் கட்டும் உரிமை மட்டும் பொது அதிகாரத்தின் கைக்கு வந்தது. அனுமதியால் உயரும் நில மதிப்பு முழுவதையும் கட்டணமாக எடுக்க அச்சட்டம் வகை செய்தது. மரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரமும் அதே திட்டமிடல் அமைப்புக்குள் வைக்கப்பட்டது. அடுத்து வந்த கன்சர்வேடிவ் அரசு அந்தக் கட்டணத்தை ஒழித்து, உயர்ந்த மதிப்பை உடைமையாளர்களுக்கே திருப்பித் தந்தது. மரப் பாதுகாப்பு ஆணைகளோ இன்றும் நீடிக்கின்றன. மரத்தைக் காப்பதைவிட, மரம் வீழ்வதால் கிடைக்கும் லாபத்தைத் தொடுவதே மூலதனத்துக்கு வலிக்கிறது என்பது அந்த வரலாறு காட்டும் உண்மை.

வீட்டுமனை இயக்கமும் மரங்களும்

ஏழைகளின் வீட்டுமனைக்காக ஆந்திரத்திலும் தமிழகத்திலும் நீண்ட போராட்டங்களை நடத்தியவர்கள் இடதுசாரிகள். மர விதிகள் கடுமையானால் மனை விலை உயர்ந்து ஏழைகள் பாதிக்கப்படுவர் என்ற அச்சம் அணிகளிடையே எழுவது இயல்பு. ஆனால் சாலையோர வெஞ்சர்களில் விற்கப்படும் மனைகளுள் பல வீடு கட்டுவதற்கே வாங்கப்படுவதில்லை. விலை ஏறும்வரை முள் முளைத்துக் கிடக்கின்றன. ஏழைக்கு அரசு தந்தது என்ன? 2020-இல் தொடங்கிய வீட்டுமனைத் திட்டத்தில் நகரங்களில் ஒரு சென்ட், கிராமங்களில் ஒன்றரை சென்ட். ஒன்றரை சென்ட்டில் வீடு கட்டினால் ஒரு முருங்கைக்குக்கூட இடம் மிஞ்சாது. பணக்காரரின் மனைப்பிரிவில் நிழல் ஒரு விற்பனைப் பொருள். ஏழையின் குடியிருப்பில் அது இல்லாத பொருள். சித்தூரின் கோடையில் ஓட்டுக்கும் தகரத்துக்கும் கீழே வாழ்பவர்களுக்குத் தெருவில் நிற்கும் ஒரு வேப்பமரம் ஆடம்பரமல்ல. ஆகவே மரக் கோரிக்கை வீட்டுமனைக் கோரிக்கையின் ஒரு பகுதியே.

என்ன கோர வேண்டும்?

முதலாவதாக, மனைப்பிரிவு விண்ணப்பத்துடன் மரப் பதிவேடு கட்டாயமாக வேண்டும். இதற்குப் புதிய துறை தேவையில்லை. ஆந்திரத்தின் கிராமச் செயலகங்களில் நில அளவரும் தோட்டக்கலை உதவியாளரும் உள்ளனர். ‘இ-கிராப்’ பதிவில் சர்வே எண் வாரியாகப் பயிர் விவரம் பருவந்தோறும் பதியப்படுகிறது. நேற்றுவரை மாந்தோப்பாகப் பதிவான நிலம் இன்று வெற்று நிலமாக விண்ணப்பத்தில் வந்தால், அந்தப் பதிவே காட்டிக்கொடுக்கும். விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மரங்கள் அகற்றப்பட்டிருந்தால், அவை நிற்பதாகவே கருதி நிபந்தனை விதிக்க வேண்டும். இல்லையெனில் எந்த விதியும் ‘முதலில் வெட்டு, பிறகு விண்ணப்பி’ என்ற பழக்கத்தையே வளர்க்கும்.

இரண்டாவதாக, 10 சதவீதத் திறந்தவெளி எங்கே அமைய வேண்டும் என்பதை முதிர்ந்த மரங்களின் இருப்பிடம் தீர்மானிக்க வேண்டும். இதனால் வணிகர் கூடுதலாக ஓரடி நிலமும் இழப்பதில்லை. வரைபடம் மட்டுமே மாறும். அந்த இடத்துக்கு ஈடாகப் பணம் பெறும் வழி முற்றாக அடைக்கப்பட வேண்டும். மரத்துக்கு மாற்றாகக் கன்று என்பதும் ஐந்தாண்டு பராமரிப்புப் பிணைத்தொகை இல்லாமல் ஏற்கப்படக்கூடாது.

மூன்றாவதாக, அனுமதியால் உயரும் நில மதிப்பில் ஒரு பங்கை ஊராட்சி பெற்று, வேலை இழக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கான நிவாரணத்துக்கும் ஏழைகளின் வீட்டுமனைக்கும் செலவிட வேண்டும். மரப் பதிவேடும் வரைபடமும் கிராம சபையில் தெலுங்கிலும், எல்லையோர ஊர்களில் தமிழிலும் வைக்கப்பட வேண்டும்.

நான்காவதாக, சொந்தத் தோப்பில் மறுநடவு செய்யும் சிறு, குறு விவசாயிகளுக்கு எளிய, கட்டணமற்ற நடைமுறை வேண்டும். மாம்பழத்துக்குக் கட்டுபடியான விலைக்கான போராட்டத்துடன் இது இணைய வேண்டும்.

இக்கோரிக்கைகள் எவையும் புரட்சிக்குப் பிறகு வரக் காத்திருப்பவை அல்ல. ஊராட்சித் தீர்மானத்திலும் மாவட்ட ஆட்சியருக்கான மனுவிலும் இன்றே தொடங்கக்கூடியவை. விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வாலிபர் அமைப்பும் ஒரு கிராமத்தில் சேர்ந்து மரக் கணக்கெடுப்பை நடத்தினால், அதுவே அதிகாரிகள் மறுக்க முடியாத ஆவணமாகும். நீவா நதி எல்லை பார்த்து ஓடுவதில்லை; மேலே தோப்பு அழிந்தால் கீழே பொன்னையாற்றங்கரைக் கிணறும் வற்றும். எல்லையின் இருபுறமும் உள்ள தோழர்கள் இதனை ஒரே இயக்கமாக எடுத்துச் செல்வது காலத்தின் தேவை.