புது நர்ஸைத் திட்டாதீர்கள், யோசிக்கக் கற்றுக்கொடுங்கள்



என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று நர்ஸ்கள். வார்டு பொறுப்பில் இருக்கும் சீனியர்களும் உண்டு. இந்தப் பதிவு முக்கியமாக அவர்களுக்கு. எனக்கு மருத்துவம் தெரியாது. கற்றுக்கொடுப்பது கொஞ்சம் தெரியும்.

நான்கு வருஷம் நர்சிங் படித்து வரும் பெண்ணுக்குப் பாடம் தெரியும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, "டாக்டரை இப்போதே கூப்பிடணுமா, விடியும்வரை பார்க்கலாமா?" என்ற கேள்விக்குப் புத்தகத்தில் நேரான பதில் இருக்காது. திட்டு விழுமோ என்று அவள் தயங்கும் அரைமணி நேரத்தில் ஓர் உயிர் போகலாம்.

அமெரிக்க நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-ல் வெளியிட்ட நூலில், நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகச் சொன்னார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார்; கைதேர்ந்தவர் நோயாளியைப் பார்த்ததுமே நிலைமையை உணர்வார். வருஷம் ஓடினால் மட்டும் இந்தப் படிகளை ஏறிவிட முடியாது. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

சீனியர்களே, மூன்று யோசனைகள்.

ஒன்று, வாய்விட்டு யோசியுங்கள். "பிபி சரியாத்தான் இருக்கு. ஆனா மூச்சு காலையில 18, இப்ப 26. அதனால டாக்டரைக் கூப்பிடறேன்." கரும்பலகையில் விடையை மட்டும் எழுதினால் யாருக்குக் கணக்கு புரியும்?

இரண்டு, எண்களைத் துணையாகக் கொடுங்கள். பிரிட்டனில் 2012-ல் வந்த 'நியூஸ்' முறையில் மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல் வெப்பம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 5 வந்தால் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். 7 வந்தால் அவசரநிலை. இப்படி ஓர் அட்டை கையில் இருந்தால் புதியவருக்கு டாக்டரைக் கூப்பிடத் தைரியம் வரும். ஆனால் மூச்சை முழு நிமிஷம் எண்ண வேண்டும். குத்துமதிப்பாக 20 என்று எழுதினால் அட்டையால் பயனில்லை.

மூன்று, டியூட்டி முடிந்ததும் ஐந்து நிமிஷம் பேசுங்கள். "எதைக் கவனிச்சே? என்ன நினைச்சே? ஏன் அப்படிச் செஞ்சே?" ஆசிரியர் பயிற்சியில் எங்கள் வகுப்பைப் பின்பெஞ்சிலிருந்து பார்த்தவர்கள், பிள்ளைகள் முன்னால் எங்களைத் திருத்தியதில்லை. மணி அடித்த பிறகுதான் பேசுவார்கள்.

"வார்டு நிறைய நோயாளிகள், இதற்கு ஏது நேரம் சார்?" என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் இது சீனியர் தலையில் மட்டும் கட்டவேண்டிய சுமை இல்லை என்கிறேன். முதல் சில மாதங்கள் புதியவரைத் தனியாக நைட் டியூட்டியில் போடாமல் இருப்பது நிர்வாகத்தின் கடமை.

வார்டில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்த சீனியரைப் பற்றிக் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் படிக்கட்டும்.