கண்ணீர் வராத செபம்

ஆண்டு தியானம் முடிந்து கோயிலைவிட்டு வெளியே வந்ததும் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி எது தெரியுமா? “நீ அழுதாயா?” என்பதுதான்.

பெற்றோருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். எங்கள் அருட்சகோதரிகளுக்குக்கூட இது தெரிந்திராது. மூன்று நாள் மௌனம், பிரசங்கம், சிலுவைப்பாதை, பாவசங்கீர்த்தனம் என்று தியானம் நடக்கும். இரண்டாம் நாள் மாலை நற்கருணை ஆராதனை. மின்விளக்குகளை அணைத்துவிட்டு மெழுகுவர்த்திகளை மட்டும் ஏற்றிவைப்பார்கள். ஆர்மோனியம் மெல்ல ஒலிக்கும். முன்வரிசையில் யாரோ ஒருத்தி விம்முவாள். அந்த விம்மல் அடுத்த வரிசைக்குத் தாவும். அரை மணிக்குள் பாதிப் பேர் கைக்குட்டையால் கண்களைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர்? ‘நமக்கு மட்டும் ஏன் ஒன்றுமே தோன்றவில்லை’ என்று தலையைக் குனிந்தபடி திகைத்துக்கொண்டிருப்போம்.

சென்ற தியானத்தின்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் நடுவில் எழுந்துபோனாள். குழாயடியில் கண்களில் நீரை அள்ளித் தெளித்துக்கொண்டு, திரும்பி வந்து முழங்காலிட்டாள். பிறகு அவளே எங்களிடம் இதைச் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. “ஆண்டவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது” என்றாள். அதற்குப் பின் நண்பகல் இடைவேளையில் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவளுடைய சம்மதம் பெற்றே இதை இங்கே எழுதுகிறோம். எழுதும் துணிவைத் தந்தவர் புனித அவிலா தெரேசா.

அவிலா தெரேசா என்றதும் நம் கண்முன் நிற்பது என்ன? கண்மூடி மயங்கிச் சாய்ந்த ஒரு முகம். அருகே அம்பு ஏந்திய வானதூதர். உரோமை நகரில் வெற்றி மாதா கோயிலில் பெர்னினி என்ற சிற்பி 1647 முதல் 1652 வரை சலவைக்கல்லில் வடித்த சிலை அது. அழகில் குறை சொல்ல நாங்கள் யார்? ஆனால் தெரேசா இறந்து 65 ஆண்டுகள் கழித்துத் தொடங்கப்பட்ட அந்தச் சிலை, அவரை என்றென்றைக்கும் மயக்கத்திலேயே நிறுத்திவிட்டது என்பது எங்கள் மனக்குறை. இறைவனோடு ஒன்றாவது என்றால் இப்படி மயங்கி விழுவதுதான் என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். மயக்கம் வராதவர்கள் கண்ணீராவது வரவேண்டும் என்று காத்திருக்கிறோம்.

விழித்திருந்த நேரத்தில் அந்த அம்மையார் செய்ததைக் கேளுங்கள். 1515-இல் ஸ்பெயின் நாட்டில் பிறந்தவர், 20 வயதில் அவிலா நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1562-இல், செபத்துக்கும் ஏழ்மைக்கும் முதலிடம் தரும் சிறிய மடம் ஒன்றை நிறுவினார். அதிலிருந்து தாம் இறக்கும்வரை, 20 ஆண்டுகளில், மொத்தம் 17 கன்னியர் மடங்களை எழுப்பினார். கோவேறு கழுதைகள் பூட்டிய மூடுவண்டியில், வெயிலிலும் குளிரிலும் பயணம். வீடு வாங்க வேண்டும், கடன் அடைக்க வேண்டும், எதிர்க்கும் நகர மன்றத்தாரிடம் வாதாட வேண்டும். 1582-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நோயுற்ற உடம்போடு, ஆறு பெருக்கெடுத்த பாதையில் புர்கோஸ் நகருக்குப் போய்க் கடைசி மடத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இரவு உயிர் நீத்தார். அவரை அடக்கம் செய்த மறுநாளோ அக்டோபர் 15! அந்த இரவோடுதான் பழைய நாட்காட்டி ஒழிந்து, பத்து நாட்களைத் தள்ளிவிட்டுப் புதிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. (வரலாற்றுப் பாடத்தில் இது தேர்வுக்கு வந்தால் தெரேசாவை நினைத்துக்கொள்ளுங்கள்.)

இத்தகையவருக்குச் செபம் எளிதாக வந்திருக்கும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். அவர் எழுதிய தன்வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் எங்கள் சிஸ்டர் விளக்கியபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல ஆண்டுகள், செப நேரத்தில் அவருடைய கவனமெல்லாம் மணி எப்போது அடிக்கும், எப்போது எழுந்து போகலாம் என்பதில்தான் இருந்ததாம்! கையில் ஒரு புத்தகம் இல்லாமல் செபத்துக்கு உட்காரவே அஞ்சினாராம். அப்படி ஏறத்தாழ 18 ஆண்டுகள். வாசிக்காவிட்டாலும் புத்தகம் கையில் இருந்தால் ஒரு தைரியம். இதைப் படித்தபோது, தேர்வு அறைக்குள் போகும்வரை பாடநூலை மார்போடு அணைத்துக்கொள்ளும் நம்மைத்தான் நினைத்துக்கொண்டோம்.

அவரும் அழுதார். காயப்பட்ட இயேசுவின் சுரூபம் ஒன்றின்முன் விழுந்து கதறி அழுதார். ஆனால் எப்போது? மடத்தில் சேர்ந்து ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆனபின், 39-ஆம் வயதில். பதினைந்து வயதில் ஒரு மாலைப்பொழுதில் அது நமக்கு நிகழவில்லை என்று நாம் கலங்குவது கொஞ்சம் அவசரம் அல்லவா?

செபத்தை அவர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார். முதலில் கிணற்றிலிருந்து வாளியால் இறைக்கிறோம், தோள் வலிக்கிறது. அடுத்து, வாளி கோத்த சக்கரத்தைச் சுற்றி இறைக்கிறோம், உழைப்புக் குறைகிறது. பிறகு ஆற்றுநீரோ ஓடைநீரோ தானே பாய்கிறது. கடைசியில் மழை பெய்கிறது. நாம் செய்ய ஒன்றுமில்லை. இதில் எங்கள் மனத்தைத் தொட்டது மழை அன்று, கிணறு. இறைக்க இறைக்க வாளி வெறுமையாய் வரும் நாட்களும் உண்டு என்கிறார் தெரேசா. அந்த நாட்களிலும் தோட்டக்காரன் தன் வேலையைச் செய்கிறான். தோட்டத்தின் சொந்தக்காரருக்கு அது தெரியும். தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் தெருக்குழாயடியில் குடத்தோடு நின்று பழகிய நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

அப்படியானால் இறையொன்றிப்பு என்பது என்ன? 1577-இல், 62 வயதில், அவர் ‘உள்ளக் கோட்டை’ என்ற நூலை எழுதினார். ஆன்மா பளிங்காலான ஒரு கோட்டை. அதில் ஏழு தங்குமிடங்கள். நட்டநடுவே அரசர் வீற்றிருக்கிறார். நாமோ வெளிமுற்றத்தில், பல்லிகளும் பாம்புகளும் ஊரும் இடத்தில், உள்ளே ஒரு கோட்டை இருப்பதே தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு தங்குமிடமாகக் கடந்து உள்ளே போனால், இறுதியில் மழைத்துளி ஆற்றில் விழுந்தாற்போல ஆகிறது ஆன்மா. எது மழை, எது ஆறு என்று பிரித்துக் காட்ட முடியாது. தமிழ் வகுப்பில் ‘இரண்டறக் கலத்தல்’ என்ற தொடரைப் படித்தபோது நமக்குப் பொருள் மட்டுமே விளங்கியது. இந்த உவமையைப் படித்தபோது காட்சியே தெரிந்தது. ஆனாலும் ஒன்று: ஆன்மா கடவுளாகிவிடுகிறது என்று தெரேசா சொல்லவில்லை. படைத்தவர் படைத்தவரே, படைப்பு படைப்பே. அன்பினால் அவர் விருப்பமே நம் விருப்பமாகிவிடும் ஒருமை அது.

எங்களை வியக்கவைத்தது இனிமேல் வருவதுதான். அந்த ஏழாம் தங்குமிடத்தை அடைந்தவர்களுக்குப் பரவசமும் மயக்கமும் பெரும்பாலும் நின்றுவிடுகின்றனவாம்! அவையெல்லாம் வழியில் வருபவை; வீட்டை அடைந்தபின் அவற்றுக்கு வேலையில்லை. தெரேசாவுக்குக் காட்சிகள் வந்தன, நாங்கள் மறுக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை. ஆனால் பிறர் முன்னிலையில் பரவசம் வந்தபோதெல்லாம் அவர் வெட்கப்பட்டார். தம்மைப் பிடித்துக்கொள்ளும்படி சகோதரிகளைக் கேட்டுக்கொண்டார். வெளியே சொல்லக்கூடாது என்றார். நாங்களோ வராத கண்ணீரை வரவழைத்துக் காட்டுகிறோம்.

ஒரு கன்னிகை எட்டு மணி நேரம் அசைவற்றுக் கிடந்து, அதைப் பரவசம் என்று நம்பியதைப் பற்றியும் அவர் எழுதுகிறார். அதற்கு மருந்து? நன்றாகச் சாப்பிடுவது, தூங்குவது, தவமுயற்சியைக் குறைத்துக்கொள்வது. அதோடு எல்லாம் சரியாயிற்று! இதை வாசித்தபோது வகுப்பே சிரித்தது, சிஸ்டரும் சிரித்தார்கள்.

இன்னோரிடத்தில் அவர் கண்டிப்பாகவே பேசுகிறார். பக்தி உணர்வு கலைந்துவிடுமோ என்று அசையவும் அஞ்சி, முகத்தை மூடிக்கொண்டு செபத்தில் அமர்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது, இறைவனோடு ஒன்றாகும் வழி இவர்களுக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறது என்று எண்ணுகிறார். நோயுற்ற ஒரு சகோதரிக்கு உன்னால் உதவ முடியுமானால், அந்தப் பக்தி போனால் போகட்டும் என்று எழுந்து போ என்கிறார். மார்த்தாளும் மரியாளும் சேர்ந்துதான் ஆண்டவருக்கு விருந்து படைக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

இந்தக் கட்டுரையின் முதற்படியை மடத்துச் சகோதரி ஒருவரிடம் காட்டினோம். “அப்படியானால் வேலை செய்தால் போதும், செபம் வேண்டாம் என்கிறீர்களா?” என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். இல்லை, சிஸ்டர். தெரேசா தம் மடங்களில் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி மௌனச் செபத்துக்கென்றே ஒதுக்கினார். தாம் மணியோசைக்குக் காத்திருந்த அந்த வறண்ட நேரத்தையும் அவர் குறைக்கவில்லை. உட்காருவது நம் பொறுப்பு. மழை நம் பொறுப்பு அன்று. இவ்வளவுதான் நாங்கள் சொல்ல வருவது. தியானத்தில் உண்மையாகவே அழுதவர்களையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களை முதல் மதிப்பெண் பெற்றவர்களாகவும், மற்றவர்களைத் தவறியவர்களாகவும் எண்ணுவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

‘சிறுமலர்’ என்று நாம் அழைக்கும் லிசியே நகரத் தெரேசாவையும் கேட்போம். அவர் கார்மேல் மடத்தில் நுழைந்தது 1888-இல். வயது 15, எங்கள் வயது. செப நேரத்தில் பல ஆண்டுகள் தூங்கிவிழுந்தவர் அவர். தூங்கும் பிள்ளைமீது பெற்றோருக்கு அன்பு குறைந்துவிடுமா என்று எண்ணித் தம்மைத் தேற்றிக்கொண்டார். பின்வரிசையில் ஒரு சகோதரி ஓயாமல் எழுப்பிய சிறு ஓசை அவருக்குத் தாங்கமுடியாத தொல்லையாக இருந்தது. திரும்பி முறைக்காமல், அந்த ஓசையையே இசையென்று கேட்டு இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தார். 1896 உயிர்ப்புத் திருநாள் காலத்திலிருந்து, காசநோயால் 1897 செப்டம்பர் 30-இல் 24 வயதில் இறக்கும்வரை, விண்ணகம் உண்டு என்ற நினைவே இருண்டுபோன சோதனையில் இருந்தார். உணர்ச்சிதான் அளவுகோல் என்றால் இவருக்கு எத்தனை மதிப்பெண் போடுவது? திருச்சபை போட்ட மதிப்பெண் வேறு. அவிலா தெரேசாவை 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ‘மறைவல்லுநர்’ என்று அறிவித்தார். அப்பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1997-இல் சிறுமலரும் அப்பட்டம் பெற்றார்.

இங்கே எங்கள் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. நாள் முழுதும் உழைத்துவிட்டு, இரவுச் செபமாலையில் மூன்றாம் தேவ இரகசியத்திலேயே தூங்கிப்போய், மறுநாள் “பாவி, நேற்றும் தூங்கிட்டேன்” என்று வருந்துகிற அம்மாக்கள் எங்களுள் பலருக்கு உண்டு. அம்மா, நீங்கள் தூங்கியபோது மீதிச் செபமாலையை நாங்கள் சொல்லி முடித்தோம். சிறுமலரின் கணக்கில் நீங்களும் சேர்த்திதான்.

மதர் அவர்களுக்கும் சகோதரிகளுக்கும் பணிவோடு ஒரு விண்ணப்பம். தியானத்தின் கடைசி நாளில் மாணவியர் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்வது வழக்கம். அழுததையும், மனம் உருகியதையும், அமைதி கிடைத்ததையும் சொல்வார்கள். வரும் ஆண்டில், “மூன்று நாளும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, ஆனாலும் இருந்தேன்” என்று ஒருத்தி எழுந்து சொல்ல நினைத்தால், அதற்கும் இடமளியுங்கள். குழாயடிக்குப் போகும் தேவை யாருக்கும் இராது.

எங்கள் தோழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோமே! மணியோசைக்குக் காத்திருந்த தெரேசாவைப் பற்றிச் சிஸ்டர் சொன்ன அன்று, வகுப்பில் முதலில் உரக்கச் சிரித்தவள் அவள்தான். மறுநாள் நண்பகல் கோயிலுக்குப் போனோம். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண்கள் பீடத்தின்மேல் இல்லை. பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும் கடிகாரம். எங்களைக் கண்டதும் புன்னகைத்து, சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.