ஏலம் போன காரும் எங்கள் ஏரிப் படகும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஒரு பழைய பந்தயக் காருக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கொடுப்பது அறிவுடைமையா என்று விடுதியில் ஓர் இரவு வாதம் நடந்தது. "பணத்திமிர்" என்றனர் பெரும்பாலோர். "வாங்கியவனை விட்டுத் தள்ளுங்கள், அப்படிப்பட்ட பொருளை விற்றவன்தான் பைத்தியக்காரன்" என்றார் இயற்பியல் நண்பர் ஒருவர். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. விற்றது சரி என்பதே என் துணிபு. விற்ற விதத்தில்தான் எனக்குக் குறை உண்டு.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்தில் 2022 மே 5ஆம் நாள் ஓர் ஏலம் நடந்தது. 1955இல் செய்யப்பட்ட '300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹாட் கூபே' என்னும் கார் 13.5 கோடி யூரோவுக்கு விலை போயிற்று. அதற்கு முன் பொது ஏலத்தில் உச்ச விலை பெற்றது 2018இல் விற்ற ஒரு ஃபெராரி. அதன் விலை 4.84 கோடி டாலர். ஏறத்தாழ மூன்று மடங்காக விலை ஒரே தாவலில் ஏறிவிட்டது.

இந்தக் காரில் உலகில் இரண்டே இரண்டுதான் உண்டு. மூன்று லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட இயந்திரம். கதவுகள் பறவை சிறகு விரிப்பதைப் போல மேல்நோக்கித் திறக்கும். மணிக்கு 290 கிலோமீட்டர் வரை பாயும். ஆனால் பந்தயத்துக்கென்றே பிறந்த இது ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. 1955 ஜூன் 11 அன்று பிரான்சின் லெ மான் பந்தயத்தில் இதே இனத்தைச் சேர்ந்த திறந்த கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் உடற்பகுதி மெக்னீசியக் கலப்பு உலோகம். ஆய்வுக்கூடத்தில் ஒரு விரல் நீள மெக்னீசிய நாடாவைக் கொளுத்திவிட்டுக் கண் கூசி நின்ற நம்மவருக்கு அந்தத் தீயை விளக்கத் தேவையில்லை. தண்ணீரை ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் மூர்க்கமாக எரியும். அவ்வாண்டு முடிவில் அந்நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டது. மிஞ்சிய இரண்டு மூடிய கார்களில் ஒன்றை, அவற்றைப் படைத்த பொறியாளர் ருடால்ஃப் ஊலன்ஹாட் தம் சொந்த அலுவல்களுக்கு ஓட்டித் திரிந்தார். இத்தனை ஆண்டுகள் கடந்த நிலையிலும் அவை புதிது போலிருப்பதற்கு, துடைத்து எண்ணெயிட்டுக் காத்த தொழிலாளர் கைகளே காரணம். செய்தித்தாள்களில் அவர்கள் பெயர் வரவில்லை.

பந்தயக் கார் என்றதும் ஏதோ கடல் கடந்த சங்கதி என்று நினைக்க வேண்டாம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வழியாக ரெட்ஹில்ஸ் போகும் சாலையில்தான் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பல ஆண்டுகள் அதில்தான் பந்தயம் நடத்தியது. சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதல் வெளிநாட்டுக் கார்கள் வரை அங்கே சீறின. கோவை கரிவரதன் போன்றோர் பெயர் பெற்ற களம் அது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தபின் சோழவரம் ஓய்ந்தது. எங்கள் குப்பத்துப் பெரியவர் ஒருவர் மீன்கூடையோடு போன வழியில் ஒருமுறை எட்டிப் பார்த்தாராம். என்ன பார்த்தீர்கள் என்றால், "வண்டி எங்கே கண்ணுக்குத் தெரிஞ்சுது? வெளக்கெண்ணெய் கருகுற வாசனைதான்" என்கிறார். பந்தய இயந்திரங்களுக்கு அந்நாளில் ஆமணக்கெண்ணெய் கலந்த மசகு ஊற்றினார்கள் என்பது அவருக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரிந்திருக்கிறது!

இனி என் குறைக்கு வருகிறேன். ஸ்டுட்கார்ட்டில் நடந்ததை ஏலம் என்கிறார்கள். அழைப்புப் பெற்ற சில செல்வர்கள் மட்டுமே அங்கே விலை கேட்டனர். எங்கள் கரையில் தினமும் காலையில் இறாலும் மடவையும் ஏலம் போகின்றன. கூடை தூக்கி வந்த எந்தப் பெண்ணும் அங்கே விலை கேட்கலாம். என் தாயார் கேட்கிறார். ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை இடுவது என்பதற்கோ ஏலமே கிடையாது. 'பாடு' என்று சொல்லி, சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறோம். பணமுள்ளவன் நல்ல இடத்தை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக முன்னோர் செய்த ஏற்பாடு அது. எதை ஏலத்தில் விடலாம், எதை விடக்கூடாது என்று எழுத்தறியாதவர்கள் யோசித்திருக்கிறார்கள். உலகின் பெரும் பொறியியல் படைப்பு ஒன்று பத்துப்பேர் கூடிய அறையில் கைமாறியது எனக்கு உவப்பாயில்லை. சிறப்பு நிகழ்ச்சிகளில் பொதுமக்கள் பார்க்கக் காட்டுவேன் என்று வாங்கியவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதும், இன்னொரு கார் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது என்பதும் ஓரளவு ஆறுதல். நம் கோவையில் 2015இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகத்தைப் போல, பேருந்தில் வந்து இறங்கும் பையனும் பார்க்கும்படி வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

அப்படியானால் விற்றது சரி என்பது எப்படி? அந்தப் பணம் போன இடத்தைப் பாருங்கள். சுற்றுச்சூழல், கரிமக் குறைப்புத் துறைகளில் இளைஞர்கள் படிக்கவும் ஆராயவும் உதவித்தொகை தரும் நிதியம் ஒன்றை அதைக்கொண்டு தொடங்கினார்கள். இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் படிப்பாக மாற்றியதை நான் எப்படிக் குறை கூறுவேன்? என் படிப்புக்கும் ஒரு பழைய ஊர்தி போயிருக்கிறது.

என் பாட்டனார் காலத்து மரப்படகு எங்களிடம் இருந்தது. இடுப்பளவு நீரிலும் தரை தட்டாத தட்டையான அடி. ஆண்டுதோறும் கரையேற்றிக் கவிழ்த்து, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மீனெண்ணெய் பூசுவார் என் தந்தையார். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆனால் நான் விடுதிக்கு வந்ததும் வீட்டில் ஒரு கை குறைந்தது. அந்தக் கனத்த படகைக் கரையேற்ற ஆளில்லை. விற்றார். வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மரத்துக்குத்தான் காசு, அண்ணே" என்றாராம். விறகு விலைக்குப் போயிற்று. இன்று என் தந்தையார் பங்குக்கு வாங்கிய பைபர் படகில் போகிறார். அது இலேசானது, இடுக்கு அடைக்கும் வேலை இல்லை, அவருடைய முதுகுக்கு நல்லது. மரப்படகுக்கே திரும்புங்கள் என்று பட்டணத்திலிருந்து வந்து சொல்பவர்களை ஒருநாள் அதை இழுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எனினும் ஒன்று உறுத்துகிறது. ஐம்பது ஆண்டு கடந்த காரை அதன் மூல வடிவில் காப்பவருக்கு மத்திய அரசு 2021இல் தனி விதி வகுத்து, 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு பதிவெண் தருகிறது. எங்கள் ஊரில் டச்சுக்காரர் கல்லறைகளைத் தொல்லியல் துறை வேலியிட்டுக் காக்கிறது. இரண்டும் நல்ல காரியங்கள். மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட படகுக்குப் பதிவேடும் இல்லை, வேலியும் இல்லை. காரைப் போல அதையும் மீண்டும் செய்ய வேண்டுமானால் அளவுகள் வேண்டும். அவை எந்தத் தாளிலும் இல்லை, படகு கட்டும் முதியவர்களின் கைக்கணக்கில்தான் இருக்கின்றன.

ஆகவே நம் பேராசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமைப் பழவேற்காட்டில் வையுங்கள். எங்கள் கரையில் இன்னும் இரண்டு மரப்படகுகள் கவிழ்ந்து கிடக்கின்றன. கணித மாணவர்கள் அளக்கட்டும். தாவரவியலார் எந்தப் பலகை எந்த மரம் என்று பார்க்கட்டும். அந்த எண்ணெய் உப்பைத் தடுப்பது எப்படி என்று நாங்கள் சோதிக்கிறோம். தமிழ் மாணவர்கள் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு எழுதட்டும். பங்குனிக்குள் வந்தால் நல்லது. அதற்குப் பின் விறகுக்காரர் வருவார்.